ஒரு ஆள் கூடினால் என்ன?

மோர்னிங்சைட்,
கார்த்திகைக் கடைசி ஞாயிறு

அன்புள்ள மைத்துனர் கோணேஸ்வரன் அறிவது,

இங்கு நானும் உமது அக்கா மங்கையற்கரசியும் மகள் சுலக்சனாவும் நலம். அங்கே நீரும் நிரோஷினியும் மருமகள் மயூரியும் நலமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். ஒஷாவாவில் எங்களுக்கு முன்பே பனி கொட்டிவிட்டதாகத் தமிழ் வானொலியில் சொன்னார்கள். பனி தள்ளும்போது முதுகைக் கவனித்துக்கொள்ளும். போன வருடம் பக்கத்து வீட்டுக்காரரின் பாதையையும் சேர்த்துத் தள்ளிவிட்டு இரண்டு கிழமை படுத்திருந்தீர். இந்த வருடமும் அவர் உமக்கு நன்றி சொல்லப்போவதில்லை.

நிற்க. வட்ஸ்அப்பில் நீர் அனுப்பிய குரல் தகவலைக் கேட்டேன். "அத்தான், மயூரி யுனிவேர்சிற்றியில ஏதோ சொரோரிட்டியில சேரப்போறாளாம். ஜனவரியில ஆள் எடுக்கினமாம். சுலக்சனாவும் அதிலதானே? விடலாமோ? ஓமோ இல்லையோ எண்டு ஒரு சொல்லில சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தீர். வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவனிடம் ஒரு சொல்லில் பதில் கேட்பது, மீன்காரனிடம் மணமில்லாத மீன் கேட்பதைப் போன்றது. இருந்தாலும் கேட்டுவிட்டீர். அந்த ஒரு சொல்: வேண்டாம். விளக்கம் கீழே.

முதலில் பாடத்தின் தலைப்பை விளங்கிக்கொள்ளும். சொரோரிட்டி என்பது பல்கலைக்கழகத்துப் பெண்பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் சகோதரிகள் சங்கம். பெயருக்கு மூன்று கிரேக்க எழுத்துகள் வைத்திருப்பார்கள். அந்த எழுத்துகளை நான் கேத்திரகணிதத்தில் கோணங்களுக்கு வைத்துப் பழகியவன் ஆகையால், என் மகள் ஒரு முக்கோணத்தில் சேர்ந்துவிட்டாள் என்றே முதலில் நினைத்தேன். ஒவ்வொரு தவணையும் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். ஒரு தவணையில் ஒன்றாகச் சேரும் அணிக்குப் பிளெட்ஜ் கிளாஸ் என்று பெயர். இந்த அணி இரண்டு மாதம் கூடிப் பழக வேண்டும். வரவு ஒழுங்காக இருந்தால், கடைசியில் ஒரு விழாவில் ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி அழைத்து, உறுதிமொழி வாங்கி, நெஞ்சில் ஒரு சின்னப் பதக்கம் குத்துவார்கள். அதற்குப் பிறகுதான் முழுச் சகோதரி. அதுவரைக்கும் அரைச் சகோதரி.

சங்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. பெண்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது நல்ல காரியம். என் முறைப்பாடு எல்லாம் அந்த அணியின் அளவைப் பற்றியது. சங்கத்தில் மகளுக்கு மூத்தவளாக மக்டலீன் என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். அவள் சேர்ந்த காலத்தில் முழு அணியும் ஒரே வான் வண்டியில் ஏறிப் போகலாமாம். இந்த வருடத்து அணிக்கு இரண்டு பள்ளிக்கூட பஸ் வேண்டும், அதிலும் பாதிப் பேர் நின்றுகொண்டு போக வேண்டும். ஏன் இப்படி என்று மகளைக் கேட்டேன். "அப்பா, வந்த ஆக்கள் எல்லாரும் நைஸ் பிள்ளையளாம். நோ சொல்ல அவைக்கு மனம் வரேல்லையாம். ஒவ்வொருத்திக்கும், ஒரு ஆள் கூடினா என்ன எண்டு யோசிச்சு எடுத்தவையாம்" என்றாள். கவனியும், மச்சான். உலகத்து நெரிசல்கள் எல்லாம் இந்த ஒரே வசனத்தில்தான் தொடங்குகின்றன. நாங்கள் முன்பிருந்த அடுக்குமாடியில் லிஃப்ட் நடுவழியில் நின்ற ஒவ்வொரு தடவையும், கடைசியாக ஏறியவர் இதைச் சொல்லிக்கொண்டுதான் ஏறினார்.

ஆள் கூடினால் பலம் கூடும் என்று நீர் சொல்வீர். தேர்த் திருவிழாவை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளும். வடத்தில் கை வைத்திருப்பவர்கள் நூறு பேர், இழுப்பவர்கள் இருபது பேர், மிச்ச எண்பது பேரும் வடத்தைப் பிடித்தபடி போட்டோவுக்குச் சிரிப்பவர்கள். இந்த விஷயத்தில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். எங்களுடைய பழைய மாணவர் சங்கம் எதுவாவது கொஞ்சம் பெருத்தால் உடனே சண்டை பிடித்து இரண்டாகிவிடும். இரண்டு தலைவர், இரண்டு செயலாளர், ஒரே சனிக்கிழமையில் இரண்டு இராப்போசனம். யாரும் யாருக்கும் தெரியாதவர் ஆகிவிட மாட்டார், ஏனென்றால் யாரோடு கோபம் என்பதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். இந்தச் சகோதரிகளுக்கு அந்த நாகரிகம் இன்னும் வரவில்லை. சண்டையே பிடிக்கத் தெரியாமல் வளர்ந்துகொண்டு போகிறார்கள்.

சுலக்சனா ஏன் சேர்ந்தாள் என்பது உமக்குத் தெரியாது. உமது அக்காவுக்கே பிந்தித்தான் தெரிந்தது. முதலாம் வருடம் முழுக்க அந்தப் பிள்ளை ஒருத்தருடனும் பேசாமல் போய் வந்திருக்கிறாள். பஸ், பிறகு ரயில், பிறகு ஐந்நூறு பேர் இருக்கும் விரிவுரை மண்டபம், பிறகு ரயில், பிறகு பஸ். மத்தியானச் சாப்பாட்டை நூலகத்துப் படிக்கட்டில் தனியே இருந்து சாப்பிட்டிருக்கிறாள். நாள் முழுக்க அவளோடு பேசிய ஒரே குரல், அடுத்த தரிப்பு எது என்று பஸ்ஸில் அறிவிக்கும் அந்த அம்மாவின் குரல்தான். ஆகவே இரண்டாம் வருடம் தொடங்கியதும், என்னை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களா என்று போய்ச் சேர்ந்தாள். கூப்பிட்டார்கள். அதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

புதிதாகச் சேரும் ஒவ்வொருத்திக்கும் ஓர் அக்காவைக் கொடுப்பது அவர்கள் வழக்கம். முன்பெல்லாம் ஓர் அக்காவுக்கு ஒரு தங்கை. இப்போது அக்காமாருக்குத் தட்டுப்பாடு, அதனால் மக்டலீனுக்கு ஐந்து தங்கைகள். உமது அக்கா இதைக் கேட்டுப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "எங்கட அம்மாவுக்கும் அஞ்சுதானே" என்றாள். ஆனால் உங்கள் அம்மா ஐந்தையும் ஒரே பின்னேரத்தில் பெறவில்லை என்பதை நான் எடுத்துச் சொன்னேன். முதல்நாள் கூட்டத்தில் ஒரு மேசை நிறையப் பெயர் அட்டைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சுலக்சனாவின் அட்டையைக் காணவில்லை. பின்னால் வரிசை நெருக்குகிறது. மக்டலீன் மேசையைக் கிளறி, தமிழ்ப் பெயர் போலத் தெரிந்த ஓர் அட்டையை எடுத்து, "இதுதானே நீ?" என்று மகளின் சட்டையில் குத்திவிட்டாள். அட்டையில் இருந்த பெயர் சஜிதா.

இந்த இடத்தில் உம்முடைய மகளாக இருந்தால் என்ன செய்வாள்? "எக்ஸ்கியூஸ் மீ" என்று ஒரு சத்தம் போட்டிருப்பாள். எங்கள் பிள்ளையோ, முதன்முதலாக ஒருத்தி சிரித்த முகத்தோடு தன்னைத் தொட்டுப் பேசுகிறாள், அதைப் போய்ப் பிழை என்று சொல்வதா என்று பேசாமல் இருந்துவிட்டாள். அடுத்த கூட்டத்தில் சொல்லலாம் என்று நினைத்தாளாம். அடுத்த கூட்டத்தில் மக்டலீன் ஓடிவந்து "சஜிதா!" என்று கட்டிப்பிடித்தாளாம். கட்டிப்பிடித்த பிறகு எப்படித் திருத்துவது? இப்படியே இரண்டு மாதம் என் மகள் சஜிதாவாக இருந்தாள். எனக்கும் உமது அக்காவுக்கும் எப்படித் தெரியவந்தது என்றால், துணி தோய்க்கும்போது, சங்கத்தில் கொடுத்த ஒரு ஸ்வெற்றரின் முதுகில் சஜிதா என்று தைத்திருந்தது.

"இது ஆற்றை பிள்ளையின்ர உடுப்பு?" என்று உமது அக்கா கேட்டாள்.

"என்ரதான் அம்மா."

"அப்ப ஆரடி சஜிதா?"

"அதுவும் நான்தான். இட்ஸ் ஓகே அம்மா. இட்ஸ் நொட் எ பிக் டீல்."

பெரிய விஷயம் இல்லை என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னால் அது பெரிய விஷயம் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிழமையே அது எவ்வளவு பெரிதென்றும் தெரிந்தது. சங்கத்திலிருந்து ஒரே நாளில் இரண்டு செய்தி வந்தது. கூட்டத்தில் வைத்துச் சஜிதாவுக்குப் பரிசாக ஒரு தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள், ஒரு கூட்டமும் தவறாமல் வந்தமைக்காக. அந்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கும்போதே, சுலக்சனாவின் தொலைபேசிக்கு ஒரு மின்னஞ்சல்: "அன்புச் சுலக்சனா, உன்னை நாங்கள் மிகவும் தேடுகிறோம். முதல் நாளிலிருந்து ஒரு கூட்டத்துக்கும் நீ வரவில்லை. உனக்கு எங்கள் சகோதரித்துவத்தில் விருப்பமில்லை என்பதை மரியாதையுடன் ஏற்றுக்கொண்டு, இம்மாதக் கடைசியில் நடக்கும் உறுதிமொழி விழாவுக்கான பட்டியலிலிருந்து உன்னை எடுத்துவிடுகிறோம்." அதை அனுப்பியவள் மகளுக்கு இரண்டு கதிரை தள்ளித்தான் இருந்தாளாம்.

நான் பள்ளிக்கூடத்தில் பல வகை வரவுகளைப் பார்த்திருக்கிறேன். வராதவன் வந்ததாகச் சிநேகிதன் குரல் கொடுப்பான். வந்தவன் நித்திரையில் வராதவனாக இருப்பான். ஆனால் தன் கதிரையில் இருந்தபடியே தான் வரவில்லை என்பதற்காகத் தண்டனை வாங்கி, அதே நேரம் தான் வந்ததற்காகப் பரிசும் வாங்கிய பிள்ளையை இந்த நாட்டில்தான் கண்டேன். முன்னேறிய நாடு.

உடனே சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மகளுக்கு இது தெரியாது, இனியும் தெரிய வேண்டாம். பெரிய வகுப்புகளால் வரும் தீமைகளைத் தகுந்த உதாரணங்களோடு முதல் பக்கத்தில் விளக்கிவிட்டு, இரண்டாம் பக்கத்தில் மகளின் விஷயத்துக்கு வந்தேன். மறுநாளே பதில் வந்தது. "அன்புள்ள சஜிதாவின் தந்தையே, உங்கள் மகள் எங்கள் அணியின் நட்சத்திரம்." என் பெயரைப் பார்த்ததும், எங்களிடம் உள்ள தமிழ்ப் பிள்ளை இன்னார்தானே என்று முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டாம் பக்கத்துக்கு அவர்கள் வரவே இல்லை. இதைச் சொன்னதும் உமது அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்கள் எழுதினா ரெண்டாம் பக்கத்துக்கு ஆர் வந்தது? நானே வாறதில்லை. கடிதத்தை விடுங்கோ. அந்த அக்காக்காரியைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவம்."

கூப்பிட்டதில்தான் பிழை நடந்தது. மகள் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடிக்க, உமது அக்கா தொலைபேசியைப் பறித்து மக்டலீனோடு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசினாள். "சண்டே லஞ்ச். எங்கட ஹோம். டோன்ட் கம் அலோன். பிரிங் ஓல் யுவர் பீப்பிள்." மச்சான், எங்கள் ஆட்களிடம் "தனிய வராதேங்கோ, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றால் அதை எப்படி எடுப்பார்கள்? மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று தெரிந்து, நாலு பேர் உள்ள வீட்டிலிருந்து மூன்று பேர் வருவார்கள், மற்றவருக்குத் தடிமன், காய்ச்சல் என்பார்கள். மக்டலீனுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. சொன்னதைச் சொன்னபடி நம்பும் பிள்ளை. முழு அணியும் இருக்கும் வட்ஸ்அப் குழுவில், "சஜிதாவின் அம்மா எங்கள் எல்லோரையும் விருந்துக்கு அழைக்கிறார்" என்று போட்டுவிட்டாள்.

உமது அக்கா ஐந்தாறு பேருக்கு என்று நினைத்து, எங்கள் வழக்கப்படி இருபது பேருக்குச் சமைத்திருந்தாள். கோழிக்கறி, மீன்பொரியல், பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பாயாசம். பன்னிரண்டு மணிக்கு முதலாவது கார் வந்தது. பிறகு வந்துகொண்டே இருந்தது. பஸ்ஸிலும் வந்தார்கள். வாசலில் சப்பாத்துக் கழற்றச் சொன்னோம். அது படியிலிருந்து ட்ரைவ்வே வரைக்கும் கருங்குவியலாகப் போய்விட்டது. உள்ளே இருக்க இடமில்லாமல் பேஸ்மென்ற் படிக்கட்டில் ஒரு படிக்கு இரண்டு பேராக இருந்தார்கள். இந்த நேரம் எதிர்வீட்டுப் பத்மநாதன் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பெரிய பிளாஸ்க்கோடு, தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தார். என் இரண்டு கையையும் பிடித்தார்.

"அண்ணை... எப்ப நடந்தது?"

"எது?"

"தெரு முழுக்கக் காரும், வாசல் முழுக்கச் சப்பாத்தும். நான் அக்காதானாக்கும் எண்டு..." என்று இழுக்கும்போது உமது அக்கா குசினியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள். பத்மநாதன் ஒரு கணம் உண்மையிலேயே பயந்துவிட்டார். பிறகு, கொண்டுவந்த தேத்தண்ணியை வீணாக்காமல் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, தன் வீட்டுக்கு ஓடிப்போய் இரண்டு சட்டி சோறு வைத்துக்கொண்டு வந்தார். செத்த வீட்டுக்கு என்று வந்தவர் பின்னேரம் வரைக்கும் அப்பளம் பொரித்தார். நல்ல மனுசன்.

நான் நடுவில் நின்று, இவ்வளவு பெரிய அணியை நிர்வகிப்பது எப்படி என்று ஓர் உதாரணம் சொல்லத் தொடங்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. அதற்குள் உமது அக்கா சோற்றுச் சட்டியோடு இருந்துகொண்டு தன் வேலையைத் தொடங்கிவிட்டாள். உமக்குத் தெரியும், ஆற்றை பிள்ளை, யாருடைய மகள் என்று கேட்காமல் அவள் ஒருத்தருக்கும் சோறு போட மாட்டாள். கல்யாண வீட்டில் வெயிற்றரையே கேட்டவள். ஒவ்வொருத்தியாகச் சோற்றுக் கோப்பையை நீட்ட, "நீங்கள் ஆற்றை பிள்ளை? அப்பா என்ன வேலை? எந்த இடம்?" என்று கேட்டாள். மகள் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. வெட்கத்தில் முதலில் அரை வசனம் சொன்னவள், போகப் போக முழு வசனம் சொன்னாள். மக்டலீனின் தகப்பன் போர்த்துக்கலில் மீன்பிடிக் குடும்பமாம். உமது அக்கா அவளுக்கு ஒரு மீன்பொரியல் கூடப் போட்டாள். சங்கத் தலைவி றோசலினின் தாய்க்கு முழங்கால் சத்திரசிகிச்சையாம். அதற்கு எண்ணெய் எது என்று சொல்லப்பட்டது. வரிசையில் முன்னும் பின்னுமாக நின்ற இரண்டு பிள்ளைகளிடம் எந்த இடம் என்று கேட்க, இரண்டு பேரும் மோர்னிங்சைட்டில் ஒரே அடுக்குமாடியின் பெயரைச் சொன்னார்கள். ஒரே லிஃப்ட், ஒரே பஸ், ஒரே அணி. இரண்டு மாதமாகத் தனித்தனியே போய் வந்திருக்கிறார்கள். சோற்றுக் கோப்பையோடு நின்று ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள் பாரும், அதற்குப் பிறகு இந்த அணி பெரிதா சிறிதா என்று வாதாட எனக்கு வேறு உதாரணமே தேவைப்படவில்லை.

இந்த நேரம்தான் மக்டலீன் மூலையிலிருந்து கோப்பையை உயர்த்தி, "சஜிதா! உன் அம்மாவின் மீன் அற்புதம்!" என்று கூவினாள்.

உமது அக்காவின் கரண்டி நின்றது. "சுலக்சனா, அவள் ஆரைக் கூப்பிடுறாள்?"

படிக்கட்டில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமினேன். அக்கா கரண்டியை எனக்கு நேரே நீட்டினாள். "நீங்கள் பேசாதேங்கோ. வாயிருக்கிற பிள்ளைதானே, அவள் சொல்லட்டும்."

மகள் படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்றாள். பிறகு ஆங்கிலத்தில், மொழிபெயர்த்துப் பழகிய அதே குரலில், "என் பெயர் சஜிதா இல்லை. நான் சுலக்சனா. முதல் நாளிலிருந்து சுலக்சனாதான்" என்று சொன்னாள்.

றோசலின் வாயில் வைத்த அப்பளத்தைக் கடிக்காமலே நின்றாள். "ஒரு நாளும் வராத சுலக்சனாவா நீ?" என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். மக்டலீன் சிரிக்கவில்லை. பொலபொலவென்று அழுதுவிட்டாள். "நீ ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாள். மகள், "நீ சந்தோஷமாகக் கூப்பிட்டாய்" என்றாள். அந்த இடத்தில் பத்மநாதன் குசினிக்குள் போய்விட்டார். அப்பளப் புகையாம்.

பின்னால் படிக்கட்டிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அப்போது சஜிதா எங்கே?"

யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு பிள்ளையின் முகம் ஒருவருக்கும் ஞாபகமில்லை. றோசலின் தன் தொலைபேசியில் தேடி எண்ணை எடுத்தாள். எடுத்தவள் பேசப் பயந்து உமது அக்காவிடம் கொடுத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து அக்கா பேசினாள்.

"பிள்ளை சஜிதா, நான் சுலக்சனாவின்ர அம்மா கதைக்கிறன். சாப்பிட்டியோ?"

"...எந்தச் சுலக்சனா அன்ரி?"

"அதுதான் பிரச்சினை. நீங்கள் ஆற்றை பிள்ளை? எந்த இடம்?"

யூனியன்வில் என்றாள். தகப்பன் பெயர், தாய் பெயர் எல்லாம் சொன்னாள். சங்கத்துக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டதற்கு, "முதல் நாள் வந்தனான் அன்ரி. எல்லாருக்கும் பேர் அட்டை இருந்தது. என்ரதைக் காணேல்லை. சரி, என்னை எடுக்கேல்லையாக்கும் எண்டு கரையில நிண்டன். ரெண்டாம் முறையும் வந்தன். ஒருத்தரும் ஆரெண்டு கேக்கேல்லை. பிறகு நான் வரேல்லை. அதையும் ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள்.

மகளின் முகத்தை அப்போது நீர் பார்த்திருக்க வேண்டும். காணாமற்போன அந்த அட்டையைத்தானே அவள் இரண்டு மாதம் குத்திக்கொண்டு திரிந்தாள். தாயிடமிருந்து தொலைபேசியை வாங்கி, "சஜிதா, உம்மட அட்டை என்னட்ட இருக்கு. ஸ்வெற்றரும் இருக்கு. ஒரு போத்தலும் இருக்கு. ஐ ஆம் சோ சொறி. இப்ப வாறீரா?" என்று கேட்டாள். முக்கால் மணித்தியாலத்தில் அந்தப் பிள்ளை வந்தாள். மெலிந்த பிள்ளை, கண்ணாடி போட்டவள். மகள் ஸ்வெற்றரைக் கழற்றிக் கொடுக்க, அது அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. பாயாசம் முடிந்துவிட்டது. உமது அக்கா தனக்கென்று எடுத்து வைத்திருந்ததைக் கொடுத்தாள்.

இனி, பெரிய சங்கங்கள் ஒரு பிழையை எப்படித் திருத்தும் என்பதையும் கேளும். வராத பிள்ளைக்கு வரவு இருக்கிறது, வந்த பிள்ளைக்கு இல்லை, இருவரையும் என்ன செய்வது என்று ஆராய ஒரு குழு அமைத்தார்கள். நல்லவர்கள் பலர் முன்வந்ததால், யாரையும் வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல், குழுவையும் பெரிதாக்கிவிட்டார்கள். அது இரண்டு தடவை கூடியது. முடிவு வரவில்லை. கடைசியில் மக்டலீன் எழுந்து, "வரவு எடுத்தவள் நான். இருவரும் போவதென்றால் நானும் போகிறேன்" என்றாளாம். ஐந்து தங்கை உள்ள அக்காவை இழக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. இருவரையும் விழாப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

விழா நேற்று நடந்தது. பெற்றோருக்கு அனுமதி இல்லை, இரகசியமாம். நானும் உமது அக்காவும் கார் தரிப்பிடத்தில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தோம். நான் ஓர் உதாரணம் சொல்லப்போனேன். அக்கா, "பேசாம இருங்கோ, எனக்கு நெஞ்சு அடிக்குது" என்றாள். பிள்ளைகள் வெளியே வரத் தொடங்கி, வந்து வந்து, முடிவில்லாமல் வந்து, கடைசியில் எங்களுடையவள் சஜிதாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வந்தாள். காரில் ஏறிய உடனே அக்கா கேட்டாள்: "பேர் சரியாச் சொன்னவையோ?"

"பிழையாத்தான் சொன்னவை அம்மா. சுலக்ஷ்... ஏதோ சொன்னவை. ஆனா என்ர பேர்தான்."

வீடு வரும்வரை அந்தப் பதக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆகவே, மச்சான், மயூரியை விட வேண்டாம். அணி பெருத்துவிட்டது. ஜனவரி அணி இன்னும் பெருக்கும். ஒரு பிள்ளை இல்லாமற் போனதை இரண்டு மாதமாக ஒருவரும் அறியாத இடத்துக்கு எந்தத் தகப்பன் மகளை அனுப்புவான்? உறவுமுறையையும் யோசித்துப் பாரும். மயூரி என் மகளுக்கு மச்சாள். அங்கே சேர்ந்தால் தங்கை. மகளுக்குத் தங்கை என்றால் எனக்கு மகள், அப்படியென்றால் நீர் எனக்குச் சகோதரன். மச்சான் என்ற உரிமையில் இத்தனை வருடம் உம்மை நான் பண்ணிய பகிடியெல்லாம் என்னாவது? ஒரு சங்கத்துக்காக அதையெல்லாம் வாபஸ் வாங்க என்னால் முடியாது. உறுதியாக இல்லையென்று சொல்லிவிடும். அத்தான் சொன்னார் என்றே சொல்லும், பழியை நான் ஏற்கிறேன்.

நிரோஷினிக்கு எங்கள் அன்பு. மயூரிக்கு என் ஆசிகள். நன்றாகப் படித்து, பனியில் வழுக்காமல் நடந்து, எந்தக் கூட்டத்திலும் தன் பெயரைத் தொலைக்காமல் வாழ முருகன் துணை நிற்பான்.

இப்படிக்கு,
உமது அன்புள்ள அத்தான்,
இரத்தினவேல்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரம் மயூரி தொலைபேசியில் எடுத்தாள். ஜனவரி அணிக்கு இப்போதே பதிவு நிரம்பிவிட்டது என்று இன்று காலை அறிவித்துவிட்டார்களாம். நல்லது பிள்ளை, கவலைப்படாதே, பெரிய அணி கூடாது என்று மேலே உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லத் தொடங்கினேன். அவள் பாதியில், "அது ஓகே மாமா. நான் இப்ப லைப்ரரிப் படிக்கட்டிலதான் மத்தியானம் சாப்பிடுறன். அங்க ஒரு பிரச்சினையும் இல்லை" என்றாள். ஆங்கிலத்தில் "இட்ஸ் ஓகே" என்றும் சேர்த்துச் சொன்னாள். வைத்துவிட்டு உடனே றோசலினுக்கு எடுத்தேன். இந்த முறை உதாரணம் ஒன்றும் சொல்லவில்லை. "பிள்ளை, ஒரு ஆள் கூடினால் என்ன?" என்று மட்டும் கேட்டேன். சேர்த்துக்கொண்டார்கள். ஜனவரியில் புது அணிக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு, உமது அக்கா இப்போதே சொல்லிவிட்டாள். நீரும் நிரோஷினியும் வாரும். தனிய வர வேண்டாம், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாரும். பத்மநாதனுக்கு மட்டும் இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.